படிக்கத்துக்குத் தொப்பி தூக்கியவன்

1914 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸில் கீஸ்டோன் கம்பெனியின் ஸ்டூடியோவில், ஓட்டல் முன்கூடம் ஒன்றை செட்டாகப் போட்டிருக்கிறார்கள். தொளதொளத்த பேன்ட், இறுக்கிப் பிடிக்கும் கோட்டு, காலுக்குப் பொருந்தாத பூட்ஸ், சின்னத் தொப்பி, கையில் பிரம்பு. இந்தக் கோலத்தில் 24 வயது இளைஞன் ஒருவன் கூடத்துக்குள் வருகிறான். ஒரு பெண்ணின் காலில் இடறுகிறான். திரும்பி, தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறான். நகர்ந்ததும் தரையில் இருந்த எச்சில் படிக்கத்தில் இடறுகிறான். உடனே படிக்கத்துக்கும் தொப்பியைத் தூக்கி மன்னிப்புக் கேட்கிறான். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள் என்று அந்த இளைஞன், சார்லி சாப்ளின், ஐம்பது வருடம் கழித்துத் தன் சுயசரிதையில் எழுதினார்.

படத்தின் பெயர் ‘மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிக்கமென்ட்’. அந்த நாடோடி வேஷத்தில் முதலில் படமாக்கியது இதுதான். அதற்குப் பிறகு எடுத்த வேறொரு படம் இரண்டு நாள் முந்தித் திரைக்கு வந்துவிட்டதால் ‘முதல் படம்’ என்ற பட்டம் அதற்குப் போய்விட்டது. நாடோடி என்றால் நமக்கு ஞாபகம் வருவது பசி, வேலையில்லாமை, பூக்காரப் பெண். ஆனால் கேமரா முன்னால் அவன் முதன்முதலில் வந்து நின்றபோது போதையில் இருந்தான்.

ஒரு மனிதன் தள்ளாடி நடப்பதில் பெரிய வேடிக்கை எதுவும் கிடையாது. தெருவில் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுகிறோம். படிக்கத்துக்குத் தொப்பி தூக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. அவன் மரியாதையை விடவில்லை. அவனைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருக்கிறது. நம்மூர் ஆள் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு “நான் ஸ்டெடியா இருக்கேன்” என்று சொல்வாரே, அதே விஷயம். இதற்குத் தமிழில் ஒரு வசதியும் உண்டு. ‘நிதானம்’ என்ற ஒரே சொல் போதையில்லாமல் இருப்பதையும் குறிக்கிறது, பதறாமல் அளந்து நடப்பதையும் குறிக்கிறது. முதல் நிதானம் போய்விட்டவன் இரண்டாவது நிதானத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சாப்ளினின் குடிகாரன்.

இதை அவரே விளக்கியிருக்கிறார். மக்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று 1918இல் ‘அமெரிக்கன் மேகசின்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவமானப்பட்டவனைவிட, அவமானப்பட்டும் ஒன்றும் நடக்காததுபோலக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பவன்தான் அதிகச் சிரிப்புக்கு ஆளாகிறான் என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் குடிகாரன். நாக்கும் நடையும் காட்டிக்கொடுத்துவிட்ட பிறகும் தான் தெளிவாக இருப்பதாக நம்மை நம்பவைக்க முயல்கிறவன். பணக்காரன் அடிபடுவதைப் பார்ப்பதில் ஜனங்களுக்கு ஒரு திருப்தி என்பதையும் அதே கட்டுரையில் சொல்கிறார்.

இந்த இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு அவர் சமைத்த படம் ஏற்கெனவே வந்திருந்தது. 1916 ஆகஸ்ட் 7ஆம் தேதி மியூச்சுவல் கம்பெனி வெளியிட்ட ‘ஒன் ஏ.எம்.’, அதாவது நள்ளிரவு தாண்டி ஒரு மணி.

மியூச்சுவலுடன் அந்த வருடம் பிப்ரவரியில் அவர் போட்ட ஒப்பந்தம் பத்திரிகைகளின் முதல் பக்கத்துச் செய்தி. வாரம் 10,000 டாலர், கையெழுத்துப் போட்டதற்கு 1,50,000 டாலர், ஆக மொத்தம் 6,70,000 டாலர். 1913 கடைசியில் கீஸ்டோனில் சேர்ந்தபோது வாரம் 150 டாலர்தான். இந்தச் சம்பளத்துக்கு அவர் தர வேண்டியது இரண்டு ரீல் படங்கள் பன்னிரண்டு. ‘ஒன் ஏ.எம்.’ அதில் நான்காவது. அவ்வளவு பணம் வாங்கிய நடிகர் நான்காவது படத்திலேயே தன் நாடோடி வேஷத்தைக் கழற்றிவைத்தார். கதாநாயகி இல்லை, வில்லன் இல்லை. சாப்ளினைத் தவிர ஒரே ஒரு மனிதர்தான் படத்தில் உண்டு, டாக்ஸி ஓட்டுநராக வரும் ஆல்பர்ட் ஆஸ்டின். அவரும் முதல் காட்சியோடு சரி, அந்தக் காட்சியிலும் முகத்தில் ஒரு தசையை அசைப்பதில்லை. பக்கத்தில் ஒருவன் டாக்ஸிக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். படம் முடிந்த பிறகும் எனக்கு மறக்காத முகம் அது.

கதை என்று சொல்ல ஒரே வரிதான். குடித்துவிட்டு வீடு திரும்பிய பணக்காரன் மாடிக்குப் போய்ப் படுக்க வேண்டும்.

பட்டுத் தொப்பியும் விருந்து உடையுமாக டாக்ஸியிலிருந்து ஒருவழியாக இறங்குகிறான். வாசல் பூட்டியிருக்கிறது, சாவியைக் காணோம். ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிறான், கால் நேராகத் தங்கமீன் தொட்டிக்குள் இறங்குகிறது. உள்ளே வந்த பிறகு சாவி அவன் பையிலேயே அகப்படுகிறது. இப்போது என்ன செய்வான்? மறுபடி ஜன்னல் வழியாக வெளியே போகிறான், வாசலுக்கு வருகிறான், சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து முறைப்படி உள்ளே நுழைகிறான்.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த நகைச்சுவை இதுதான். இங்கே விழுவது, அடிபடுவது எதுவும் கிடையாது. ஒரு குடிகாரனின் தர்க்கம் மட்டும் இருக்கிறது. வீட்டுக்காரன் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். சாவி இருக்கும்போது ஜன்னல் ஏறி வருகிறவன் திருடன். ஆகவே நடந்ததை ரத்து செய்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான். தன் வீட்டில், நடுராத்திரியில், பார்க்க ஆளே இல்லாதபோது.

அப்புறம் வீடு அவனைப் பிடித்துக்கொள்கிறது. தரை வழுக்குகிறது, விரிப்பு காலடியில் ஓடுகிறது. புலித்தோலும் பஞ்சடைத்த மிருகங்களும் உயிருள்ளவையாகத் தெரிந்து பயம் காட்டுகின்றன. நடுக்கூடத்தில் ஒரு வட்ட மேஜை, மேலே மதுப்புட்டி. இவன் நெருங்க நெருங்க மேஜை சுழல்கிறது, புட்டி விலகிப் போகிறது. கூடத்தின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி மாடிப்படிகள். எந்தப் படியில் ஏறினாலும் கீழேதான் வந்து சேர்கிறான். படிக்கட்டுக் கம்பளம் அவனை உள்ளே வைத்துப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு உருண்டு வருகிறது. மேலே போய்ச் சேர்ந்தால் அங்கே பெரிய கடிகாரம் ஒன்று. அதன் பெண்டுலம் வீட்டுக்கும் கடிகாரத்துக்கும் பொருந்தாத பருமன். அது அவனை அடித்துத் திரும்பக் கீழே அனுப்புகிறது. கயிறும் ஊன்றுகோலுமாக மலையேறுகிறவனைப் போலவும் படியேறிப் பார்க்கிறான். கடைசியில் கோட்டு மாட்டும் ஸ்டாண்டில் ஏறித்தான் மாடியை எட்டுகிறான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டில் விழுவது ஒன்றிரண்டு தடவை அதிகம். மூன்றாவது தடவை விழும்போது சிரித்தேன், அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்துவிட்டேன். துணைக்கு ஒரு ஆள்கூட இல்லாமல் படத்தை ஒரே மனிதன் தோளில் ஏற்றினால் வருகிற களைப்பு இது. ஆனால் படுக்கையறைக்குள் போனதும் படம் மறுபடி எழுந்துகொள்கிறது.

அந்த அறையில் இருப்பது சுவருக்குள் மடங்கிக்கொள்ளும் கட்டில். சான் பிரான்சிஸ்கோவின் வில்லியம் மர்ஃபி காப்புரிமை வாங்கிப் பரப்பிய, இன்றும் ‘மர்ஃபி கட்டில்’ என்று பெயர் வழங்கும் சாமான். இடமில்லாத சின்ன அடுக்ககங்களுக்காக வந்த பொருள் மாளிகைக்குள் என்ன செய்கிறது என்று கேட்கக் கூடாது. அன்றைய அமெரிக்க ரசிகர்களில் பலருக்கு அந்தக் கட்டிலோடு சொந்தச் சண்டையே இருந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் கட்டில் சுவரிலிருந்து இறங்க வேண்டும். இறங்குகிறது, ஆனால் அவன் நகர்ந்த பிறகு மேலே போய்விடுகிறது. அவனைத் தூக்கிக்கொண்டு சுவருக்குள் போகிறது, தலைகீழாகப் புரள்கிறது, அவன் திரும்பியிருக்கும்போது தலையில் விழுகிறது. சாப்ளின் கட்டிலை முறைக்கிறார், தாஜா செய்கிறார், கவனிக்காததுபோலப் பாவனை செய்து ஏமாற்றப் பார்க்கிறார். பிடிவாதமான மாட்டைத் தொழுவத்தில் கட்டப் பார்க்கிறவனின் அத்தனை உபாயங்களும் அதில் உண்டு. எந்த வினாடியில் கட்டில் புரளும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும், அவன் முகத்துக்குத் தெரியாது. அந்த இடைவெளிக்குள்தான் நடிப்பு நடக்கிறது.

கடைசியில் தோற்றுப்போய்க் குளியலறைக்குப் போகிறான். தண்ணீர்க் குழாய் அவனை நனைக்கிறது. தொட்டிக்குள்ளேயே படுத்து, கிடைத்த விரிப்பைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகிறான். படம் முடிந்தது.

‘குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு’ என்று நம் பழமொழி பேச்சைத்தான் பிடித்துக்கொள்கிறது. நமக்குப் பழகிய சினிமாக் குடிகாரர்களும் பாதி வேலையை உளறலிலேயே முடித்துவிடுவார்கள். குழறும் நாக்கு, திரும்பத் திரும்பச் சொல்லும் வாக்கியம், நடுவில் ஒரு விக்கல். மௌனப்பட நடிகனுக்கு இது ஒன்றும் கிடையாது. விக்கலைக்கூட ஓசையில்லாமல்தான் விக்க வேண்டும். எல்லாவற்றையும் கால், முதுகு, கண் இமை இவற்றுக்கு மாற்றிக்கொடுத்தாக வேண்டும். சாப்ளின் அதை எப்படிச் செய்தார் என்பதைப் பார்க்கக் காலைக் கவனித்தால் போதும். தவறாக வைத்த அடியை அவர் சரிசெய்யும் விதம் இருக்கிறதே, அது அவ்வளவு கவனமானது. ஒவ்வொரு அடியையும் யோசித்து, முடிவெடுத்து, அளந்து வைக்கிறார். குடிகாரனாக நடிக்க வருகிறவர்கள் தள்ளாட்டத்தைத்தான் பழகுவார்கள். இவர் நேராக நிற்கும் முயற்சியைப் பழகியிருக்கிறார், தள்ளாட்டம் அதன் தோல்வியாகத் தானாக வருகிறது.

இந்த நுணுக்கம் பல பிரதிகளில் தெரியாமல் போவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். இரண்டு ரீல் என்றால் அதிகபட்சம் 2,000 அடி, 32,000 சட்டகம். கையால் சுற்றிய கேமராவில் வினாடிக்கு ஏறக்குறைய 16 சட்டகம் என்று எடுத்ததை அதே வேகத்தில் ஓட்டினால் அரை மணிக்குச் சற்று மேல் வரும். பேசும்படக் காலத்து வேகமான வினாடிக்கு 24 சட்டகத்தில் ஓட்டினால் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். நகைச்சுவைப் படங்களை அன்றே கொஞ்சம் விறுவிறுப்பாக ஓட்டுவது வழக்கம் என்பது உண்மை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை உருவிவிட்டால் முதலில் சாவது தயக்கம். கால் வைக்கலாமா என்று யோசிக்கும் குடிகாரன், காலில் சுடுதண்ணீர் கொட்டியவன்போலத் துள்ள ஆரம்பித்துவிடுகிறான். 1932இல் வான் ப்யூரன் கம்பெனி மியூச்சுவல் படங்களை வாங்கி, இசையும் டங் டமால் சத்தங்களும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. பல பத்தாண்டுகளாகச் சுற்றிவந்த பிரதிகள் அந்த வழியில் வந்தவை. இன்று இணையத்தில் பார்க்கிறவர்கள் சரியான வேகத்துக்கு மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பார்ப்பது நல்லது. இரண்டும் இரண்டு வேறு நடிகர்கள் என்றே தோன்றும்.

சரி, இந்தக் குடிகாரன் எங்கிருந்து வந்தான்?

முதல் பதில் எளிது, லண்டன் மேடையிலிருந்து. 1908இல், 18 வயதில், சாப்ளின் ஃப்ரெட் கார்னோவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். வசனத்தைவிட உடம்பை நம்பிய கம்பெனி அது. பின்னாளில் லாரல்-ஹார்டி ஜோடியில் ஒருவரான ஸ்டான் லாரலும் அங்கேதான் இருந்தார், சாப்ளினுக்கு மாற்று ஆளாக. டாக்ஸி ஓட்டுநர் ஆஸ்டினும் கார்னோ பட்டறைக்காரர்தான். கம்பெனியின் பெயர்பெற்ற நாடகம் ‘மம்மிங் பேர்ட்ஸ்’. மேடைக்குள் இன்னொரு மேடை, அதில் மட்டமான கலைநிகழ்ச்சிகள், பக்கவாட்டு பாக்ஸில் உட்கார்ந்து ரகளை செய்யும் குடித்த கனவான். அந்தக் கனவான் சாப்ளின். சிகரெட்டை மின்விளக்கில் காட்டிப் பற்றவைக்கப் பார்ப்பான். பக்கத்து பாக்ஸ் பையன் தீக்குச்சியை நீட்ட, அதை எட்டப் போய்க் குப்புற மேடையில் விழுவான். இந்த வேஷத்தில் 1910லும் 1912லும் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள். அவரை கீஸ்டோனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் குடிகாரன்தான். எஸ்ஸனே கம்பெனியில் இருந்தபோது 1915இல் இதே நாடகத்தை ‘எ நைட் இன் த ஷோ’ என்று படமாகவும் எடுத்தார்.

அந்தக் கனவான் பணக்காரனாக இருப்பதில் ஒரு கணக்கு உண்டு. ஏழை குடித்துவிட்டு விழுந்தால் போலீஸ் வரும், அல்லது பரிதாபம் வரும். பட்டுத் தொப்பிக்காரன் விழுவது தன் சொந்தக் கம்பளத்தில். தொப்பியின் உயரம் வரைக்கும் விழ இடம் இருக்கிறது. பிரான்சில் மாக்ஸ் லிண்டர் இதை முன்பே கண்டுகொண்டார். 1911இல் பாத்தே கம்பெனிக்காக அவர் நடித்த படம் ஒன்றில் மருந்தாகக் குடித்த சின்கோனா ஒயின் அளவு மீறிப்போக, போகிற இடமெல்லாம் பெரிய மனிதர்களோடு சண்டை இழுக்கிறார். ஒவ்வொருவரும் வாள்சண்டைக்கு அழைத்துத் தங்கள் முகவரி அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போதையில் கிடப்பவரின் பையில் போலீஸ்காரர் கைவிட்டால் ஒரு மந்திரியின் அட்டை. உடனே சல்யூட் அடித்து மந்திரி வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கிறார். அங்கிருந்து துரத்தினால் அடுத்த போலீஸ்காரர் கையில் அடுத்த அட்டை! லிண்டருக்குத் தான் சீடன் என்று சாப்ளின் பகிரங்கமாகவே சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது பதில் அவ்வளவு எளிதல்ல.

சாப்ளினின் தந்தையும் சார்லஸ் சாப்ளின்தான். லண்டன் மியூசிக் ஹால்களில் பெயர் எடுத்த பாடகர். அந்த அரங்குகளின் வருமானம் மதுவிற்பனையில் இருந்தது. பாட்டு முடிந்ததும் பாடகர் அரங்கின் மதுக்கூடத்துக்குப் போய் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து குடிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. டிக்கெட் வசூலைவிட மதுக்கூட வியாபாரத்தில் அதிக லாபம் பார்த்த கொட்டகைகளும் உண்டு. அப்பாவைக் குடி பிடித்ததற்கு மகன் தன் சுயசரிதையில் சொல்லும் காரணம் இந்தத் தொழில் ஏற்பாடுதான். அம்மாவுக்கு மனநிலை பாதித்து மருத்துவமனைக்குப் போனபோது சார்லியும் அண்ணன் சிட்னியும் கென்னிங்டன் சாலையில் அப்பாவின் வீட்டில் சில காலம் இருந்தார்கள். அப்பாவோடு வாழ்ந்த லூயிஸ் என்ற பெண்ணும் குடிப்பவர். ஒரு சனிக்கிழமை இரவு வீடு பூட்டியிருக்க, பசியோடு தெருவில் காத்திருந்த சிறுவன் லூயிஸ் போதையில் வந்ததைப் பார்க்கிறான். ஒரே பக்கமாகச் சாய்ந்து தள்ளாடும் குடியை அதற்கு முன் தான் பார்த்ததில்லை என்று எழுதுகிறார். இந்த வரியைப் படித்தபோது சற்று நின்றேன். வயிறு காய்ந்த குழந்தைக்கு அந்த நேரத்திலும் சாய்மானம் எந்தப் பக்கம் என்று கண்ணில் பட்டிருக்கிறது.

அப்பாவைக் கடைசியாக வெளியில் பார்த்ததும் மதுக்கடையில்தான். கென்னிங்டன் சாலையின் ‘த்ரீ ஸ்டாக்ஸ்’ கடையைக் கடந்து போகும்போது ஏதோ தோன்றி எட்டிப் பார்க்கிறான். மூலையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார், உடம்பு வீங்கிப்போய். கூப்பிட்டு, விசாரித்து, முத்தம் கொடுக்கிறார். அப்பா முத்தம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. மூன்று வாரத்தில் அவரை செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வர மறுத்தவரைக் குடிக்கவைத்துத்தான் அங்கே கொண்டுபோக முடிந்தது. 1901 மே மாதம் இறந்தார், வயது 38. மகனுக்கு 12.

இதை வைத்து ‘சோகத்தைச் சிரிப்பாக்கினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது போதவில்லை. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

சினிமா பிறந்த சில வருடங்களிலேயே குடியைப் பற்றிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் பிரசங்கமாக. 1902இல் பிரான்சில் ஃபெர்டினான் ஸெக்கா எடுத்த குடிக்கு எதிரான படம் ஒரு தொழிலாளியின் மகிழ்ச்சியான வீட்டில் தொடங்கி, மதுக்கடை வழியாகப் போய், மனநோய் விடுதியில் முடிகிறது. 1909இல் அமெரிக்காவில் டி. டபிள்யூ. கிரிஃபித் ‘எ டிரங்கர்ட்ஸ் ரிஃபர்மேஷன்’ எடுத்தார். குடிகாரத் தந்தை மகளோடு நாடகம் பார்க்கப் போய், மேடையில் தன்னையே கண்டு திருந்துகிறார். 1893இல் தொடங்கிய மதுக்கடை எதிர்ப்புச் சங்கம், ‘ஆன்டி சலூன் லீக்’, அதற்குள் மாநிலம் மாநிலமாக மதுவிலக்கைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. 1919 ஜனவரியில் 18ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு, 1933 டிசம்பர் வரை. ‘ஒன் ஏ.எம்.’ வந்தபோது இந்தப் போராட்டம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிரசாரத்தின் நடுநாயகச் சித்திரம் குடிகாரனைக் காட்டவில்லை. அவன் வருகைக்காகப் பயந்துகொண்டு காத்திருக்கும் மனைவியையும் குழந்தையையும் காட்டியது.

சாப்ளின் அந்த மனைவியையும் குழந்தையையும் வீட்டிலிருந்து எடுத்துவிட்டார். வேலைக்காரன்கூடக் கிடையாது. அவ்வளவு பெரிய மாளிகையில், தங்கமீனைத் தவிர இந்த மனிதனால் கஷ்டப்பட ஒரு ஜீவன் இல்லை. கதவுக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை என்பது உறுதியான பிறகுதான் நம்மால் சிரிக்க முடிகிறது. குடும்பத்தில் இருப்பவர்கள் மேல் விழ வேண்டிய அடியை மேஜையும் கடிகாரமும் கட்டிலும் வாங்கிக்கொள்கின்றன, திருப்பியும் கொடுக்கின்றன. ஒரே நடிகனை வைத்துப் படமெடுத்தது சவால் என்றும் வித்தை காட்டல் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். கென்னிங்டன் சாலையில் வாசல்படியில் காத்திருந்தவனுக்கு, குடிகாரன் திரும்பும் வீடு எப்படி இருந்தால் வேடிக்கையாக இருக்கும் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காலியான வீட்டை அவர் மறுபடி இதே அளவுக்குப் பயன்படுத்தவில்லை. 1917இல் வந்த ‘த க்யூர்’ கூட்டம் நிறைந்த படம். குடியை விட ஆரோக்கிய விடுதிக்கு வருகிறவன் பெட்டி நிறைய மதுப்புட்டிகளோடு வருகிறான். அவை ஊற்றுத் தண்ணீரில் போய் விழ, குணமாக வந்த மொத்தக் கூட்டத்துக்கும் ஏறிவிடுகிறது. இந்தப் படத்தை முதலில் விடுதிப் பணியாளாக நடித்துத்தான் எடுக்க ஆரம்பித்தார். நடுவில் மனம் மாறிக் குடிகாரனாகிவிட்டார். கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983இல் தொகுத்த ஆவணப்படத்தில், கழித்துப்போட்ட ஃபிலிம் துண்டுகளில் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1922இல், மதுவிலக்கு நடப்பில் இருக்கும்போதே, ‘பே டே’ வந்தது. இதில் சம்பள நாளன்று குடிக்கும் கட்டடத் தொழிலாளி. டிராம் என்று நினைத்துச் சாப்பாட்டு வண்டியில் ஏறி, தொங்கும் இறைச்சித் துண்டைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள்வான். அவனும் கடைசியில் குளியல் தொட்டியில்தான் போய்ப் படுக்கிறான். ஆனால் இந்த வீட்டில் மனைவி இருக்கிறாள், சிரிப்பின் சுதந்திரம் ஒரு மாற்றுக் குறைந்துவிடுகிறது. 1931இன் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் கோடீஸ்வரன் போதையில் நாடோடியைக் கட்டிப்பிடிக்கிறான், தெளிந்ததும் யாரென்றே தெரியாமல் வெளியே தள்ளுகிறான். விடிஞ்சா போச்சு என்ற நம் பழமொழிக்கு அதைவிட நல்ல உரை எழுத முடியாது.

1952இல் ‘லைம்லைட்’. சாப்ளினுக்கு 63 வயது. கதை நடப்பது 1914இன் லண்டனில். முன்னாள் மியூசிக் ஹால் நகைச்சுவை நடிகன் கால்வெரோ, குடியால் மேடையை இழந்தவன், படத் தொடக்கத்தில் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிறான். வாசல்படியில் நின்று சாவித் துவாரத்தில் சாவியைப் போடப் பார்க்கிறான், முடியவில்லை. 36 வருடத்துக்கு முந்தைய அதே பழைய சாவி, அதே பொறுமை, அதே கௌரவம். ஒருவழியாகக் கதவு திறக்கிறது. உள்ளே ஏதோ நாற்றம். தன்னிடமிருந்துதான் வருகிறதோ என்று செருப்பின் அடியைத் தூக்கிப் பார்க்கிறான். கொட்டகையில் சிரிக்கிறார்கள். அப்புறம்தான் அது கேஸ் வாசனை என்று அவனுக்குப் புரிகிறது. இந்த வீடு காலியாக இல்லை. மூடிய அறைக்குள் ஒரு இளம்பெண் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மயங்கிக் கிடக்கிறாள், போதையில் இருக்கும் அந்த மனிதன் கதவைத் தோளால் இடிக்க ஆரம்பிக்கிறான்.